ஆடியில் வந்த அழைப்பு

அடுத்த வாரத்திலிருந்து நீங்கள் இருவரும் அந்த மேசையில் உட்காரப்போகிறீர்கள். நீதிமன்ற வளாகத்தில், ஜன்னலோரமாக, இலவச சட்ட உதவிக்கென்று போட்டிருக்கும் மேசை. அதன் இடது பக்கத்துக் கால் ஆடும். ஒரு அட்டையை மடித்து அடியில் கொடுத்திருக்கிறேன், பெருக்குகிறவர்கள் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்குக் கட்டுகளை எண் வாரியாக அடுக்கி ஒப்படைத்துவிட்டேன். அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் சீனியர் சொன்னார். எனக்கு மனம் கேட்கவில்லை.

பணி அனுபவங்களை எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். நான் ஆறு வருடத்திலேயே கிளம்புகிறேன். கணவருக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல். மகளை விட்டுவிட்டு வர ஆளில்லை. அங்கே போய் மறுபடி கறுப்புக் கோட்டு போடுவேனா என்பது எனக்கே தெரியாது. ஆறு வருடத்தில் ஒருத்தி என்ன பெரிதாகக் கற்றிருப்பாள் என்று நீங்கள் நினைத்தால் அதுவும் நியாயம்தான். ஆனாலும் இந்த மாதம் எனக்கு நேரம் இருக்கிறது. மகள் தூங்கும்போது எழுதுகிறேன். நடுவில் கோர்வை விட்டுப்போயிருந்தால் அவள் விழித்துக்கொண்டாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மேசைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தவணைக்கு மனை வாங்கியவர்கள். தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிற பெண்கள், மில்லுக்குப் போகிறவர்கள், லோடு வண்டி ஓட்டுகிறவர்கள். எல்லோருக்கும் ஒரே கதை. ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏற்றிக்கொண்டு போய், கரிசல் காட்டுக்கு நடுவில் வளைவு கட்டிய இடத்தில் இறக்கி, எலுமிச்சம்பழச் சோறு பொட்டலம் கொடுத்து, சுண்ணாம்படித்த கல்லைக் காட்டி "இதுதான் உங்க வீடு" என்று சொல்லியிருப்பார்கள். கோடையில் அந்தக் கல்லைச் சுற்றி நிலம் வெடித்துச் செருப்பு உள்ளே போகிற அளவுக்குப் பிளந்திருக்கும். ஒரு மழை பெய்தால் கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். கல் சாய்ந்தாலும் அவர்கள் மாதம் தவறாமல் கட்டிக்கொண்டே இருப்பார்கள்.

சட்டம் இவர்களுக்கு நிறையவே கொடுத்திருக்கிறது. விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்குவதென்றால், முதலில் விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் இல்லாத காரணத்தைச் சொல்லி ஒதுக்கீட்டை ரத்து செய்யக்கூடாது. சொன்னபடி மனையைத் தராவிட்டால் வட்டியோடு திருப்பித்தர வேண்டும். மீறினால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் போடலாம். இதெல்லாம் நீங்கள் தேர்வுக்குப் படித்ததுதான். ஆனால் அதே சட்டம் வாங்குகிறவருக்கும் ஒரு கடமை வைத்திருக்கிறது: பத்திரம் பதியக் கூப்பிட்டால் வந்து பங்கெடுக்க வேண்டும். படிக்கும்போது அந்த வரியில் எனக்கு எந்தத் தவறும் தெரியவில்லை. இப்போதும் அது நியாயமான வரிதான். நம் ஊரில் அதை வைத்து என்ன செய்யலாம் என்பதை ஒரு பட்டுச்சேலைதான் எனக்குக் காட்டியது.

ஆவணி மாதத்தில் ஒரு முகூர்த்த நாள். நான் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி, மேசைக்கும் நாற்காலிக்கும் இடையில் நுழையவே சிரமப்படுவேன். பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக ஒரு பெண் வந்து நின்றார். கையிலிருந்த பையில் வெற்றிலை பாக்கும் பழமும் தெரிந்தன. கல்யாண வீட்டுக்கு வழி கேட்க வந்தவர் என்று நினைத்தேன். பின்னால் அவருடைய கணவர், வெள்ளை வேட்டியில், எதையும் பார்க்கப் பிடிக்காதவரைப் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வக்கீலம்மா, எம் மனைய கேன்சல் பண்ணிட்டாவளாம்" என்றார் அந்தப் பெண்.

பெயர் முத்துலட்சுமி. இடைசெவலில் வாடகை வீடு. கழுகுமலை ரோட்டில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலை. கணவர் கருப்பசாமி குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் தீப்பெட்டிப் பண்டல் ஏற்றி ஓட்டுகிறவர். புறவழிச்சாலையை ஒட்டி ஒரு மனைப்பிரிவில், முன்வரிசையில், முத்துலட்சுமி பெயரில் மனை. பத்திரத்தன்று கட்ட வேண்டிய கடைசித் தவணையைத் தவிர எல்லாம் கட்டி முடிந்திருந்தது. அன்றைக்குப் பத்திரம் போடலாம் என்று பழத்தோடு மனை விற்றவரின் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்கள். மனை ரத்தாகிவிட்டது என்று அங்கே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"ஆனி மாசக் கடேசியில மன வித்த அண்ணாச்சியே ஃபோன் போட்டாவ" என்றார் முத்துலட்சுமி. "பத்திரம் ரெடியாயிட்டு, வந்து போட்டுக்கிடுங்கன்னாவ. நாலு நாள்ல ஆடி பொறக்குதே அண்ணாச்சி, ஆவணியில வாரோம்னேன். சரிம்மா, உங்க இஷ்டம்னு சொன்னாவ. அவிய ஒரு வார்த்த, வேண்டாம்னு சொல்லல."

"நோட்டீஸ் எதுவும் வரலையா?"

"வந்துச்சு" என்றார் கருப்பசாமி, தரையைப் பார்த்தபடியே. "இங்கிலீசுல இருந்துச்சு. அதான் ஆவணியில வாரோம்னு சொல்லியாச்சேன்னு சாமி படத்துக்குப் பின்னால சொருவி வச்சிட்டா."

"நீங்க மட்டும் படிச்சுக் கிழிச்சிட்டீயளோ" என்றார் முத்துலட்சுமி.

ஆடி பிறந்த அன்று தேதியிட்ட நோட்டீஸ். பதினைந்து நாளைக்குள் வந்து பத்திரம் பதியாவிட்டால் ஒதுக்கீடு ரத்து. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கத்தான் செய்தது. அந்த ஒப்பந்தம் பதிவு செய்யப்படாதது, அதனால் அந்த வரி நிற்காது என்று எனக்கு உடனே தோன்றியது. ஆனால் அதற்கு மேல் ஒன்று உறைத்தது. நம் பக்கத்தில் ஆடியில் ஒரு அம்மிக்கல்லைக்கூட இடம் மாற்ற மாட்டார்கள். பத்திரம் போட எவர் வருவார்? இது அந்த அண்ணாச்சிக்குத் தெரியாதா? அவரும் இந்த ஊர்க்காரர்தான், கோயில் கொடை விழாவுக்கு முதல் வரிப்பணம் அவருடையதுதான்.

பிறகு விசாரித்தேன். அந்த ஆடியில் ரத்தானது முத்துலட்சுமியின் மனை மட்டுமல்ல. புறவழிச்சாலை அகலமானதும் விலை ஏறிப்போன முன்வரிசை மனைகளில் வேறு சிலவும். பின்வரிசையில் ஓடையை ஒட்டி வாங்கியவர்களை அவர் ஆனியின் ஆரம்பத்திலேயே கூப்பிட்டு, காப்பி வாங்கிக் கொடுத்து, பத்திரம் போட்டு அனுப்பிவிட்டார். ரத்தான மற்றவர்கள் கட்டியதைத் திரும்ப வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விட்டார்கள். ஆடியில் போகாதது நம் தவறுதானே என்று நினைத்திருப்பார்கள்.

உங்கள் மேசைக்கு இப்படி யாராவது வந்தால் முதலில் எந்த மாதம் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். ரசீதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வழக்குப் போடுவதற்கு முன்பு சமரசத்துக்கு அந்த அண்ணாச்சியே சீனியரின் அறைக்கு வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. என் வயிற்றைப் பார்த்ததும் எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். அவரை வெறுப்பதற்கு நான் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருந்தது.

"ஏம்மா முத்துலட்சுமி, என் மேல கேசா?" என்றார். "கட்டுனது பூராம் தாரேன், மேல கொஞ்சம் சேத்தும் தாரேன். இல்ல, மனதான் வேணும்னா ஓடப்பக்கம் ஒண்ணு தாரேன். உனக்கில்லாததா."

"ஓடப்பக்கம் மழ பெஞ்சா முட்டிக்கால் தண்ணி நிக்கும் அண்ணாச்சி. அங்கன தவளதான் குடியிருக்கும்."

"அப்ப பணத்த வாங்கிக்கோ."

"அத வச்சி இப்ப முன்வரிசையில என்ன வாங்க? கல்லு மட்டுந்தான் தருவீய."

அண்ணாச்சி சிரித்தார். அவர் போன பிறகு முத்துலட்சுமி சிரிப்பில்லாமல் என்னிடம் சொன்னார்: "வீட்டுக்காரம்மா நாங்க எடுக்குத தண்ணிக்கொடத்த எண்ணுதா வக்கீலம்மா. விருந்தாளு வந்தா ரெண்டு கொடம் கூட எடுத்தேன்னு தெருவுல நின்னு சத்தம் போடுதா. அந்த மனையில ஒரு அடிபம்பு. யாரும் எண்ணக்கூடாது. அவ்வளவுதான் நான் கேக்கேன்."

சீனியர் பணத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னார். "ஆணையத்துல போய் ஆடி மாசம்னு சொல்லப் போறியாம்மா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார், ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வாங்குகிறவருக்குக் கடமை இருக்கிறது, அழைத்தார்கள், வரவில்லை. ஆடி என்பது சட்டத்தில் எங்கே இருக்கிறது? இரவும் பகலும் புரட்டினேன். பதிவு செய்யாத ஒப்பந்தம் என்ற வாதத்தை முன்னால் வைத்து, மனையே வேண்டும் என்று ஆணையத்தில் புகார் போட்டேன். தீர்ப்பு வரும்வரை அந்த மனையை வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்று தடை கிடைத்தது. அந்த மகிழ்ச்சியோடு பிரசவத்துக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது மறுபடியும் ஆடி.

விசாரணை காணொளியில் நடந்தது. நான் சீனியரின் அறையில் மடிக்கணினிக்கு முன்னால் இருந்தேன். மகளுக்கு எட்டு மாதம், லேசான காய்ச்சல், பக்கத்து அறையில் ஆயாவிடம் அழுதுகொண்டிருந்தாள். முத்துலட்சுமி வேலைக்குப் போயிருந்தார். அன்றைக்கு வாய்தாதான் ஆகும் என்று நானே போகச் சொல்லியிருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் மதுரைக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். அவர் சொன்னார்: "எங்கள் கட்சிக்காரர் அன்றைக்கும் தயாராக இருந்தார், இன்றைக்கும் தயார். வருகிற வெள்ளிக்கிழமையே பதிவு செய்து தருகிறோம். மனுதாரர்தான் வரமாட்டார். வராதது அவருடைய பழக்கம்."

ஆணைய உறுப்பினர் என்னைப் பார்த்தார். "உங்கள் கட்சிக்காரர் வெள்ளிக்கிழமை வருவாரா?"

அதே பொறி. போன ஆடியில் வைத்ததை இந்த ஆடியில், ஆணையத்தின் கண் முன்னால் மறுபடி வைக்கிறார்கள். வரமாட்டார் என்றால் அவர்கள் சொன்னது உண்மையாகிவிடும். கேட்டுச் சொல்கிறேன் என்றாலும் தயங்குகிறார்கள் என்று பதிவாகும். ஆவணியில் வருகிறோம் என்று சொல்லலாமா? சொன்னால் சீனியர் கேட்ட கேள்வியை உறுப்பினர் கேட்பார். பக்கத்து அறையில் மகளின் அழுகை உச்சத்துக்குப் போயிற்று. யோசிக்க நேரமில்லை.

"வருவார்" என்றேன்.

திரையில் மதுரை வக்கீலின் முகம் ஒரு கணம் மாறியது. அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. மடிக்கணினியை மூடிய பிறகுதான் யாருடைய ஆடியை நான் தூக்கிக் கொடுத்திருக்கிறேன் என்பது உறைத்தது.

அன்று சாயங்காலமே மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு இடைசெவல் பஸ் ஏறினேன். அவளை விட்டுவிட்டுப் போக இடமில்லை. முத்துலட்சுமியின் மாமியார் கதவைத் திறந்தார். அவரும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்தான், விரல் நுனியெல்லாம் பசை காய்ந்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"ஆடி வெள்ளியும் அதுவுமா பத்திரமா?" என்றார் மாமியார். "ஏட்டி முத்துலட்சுமி, உனக்கு மன வேணுமா, உம் புருசன் வேணுமா? ரோட்டுல வண்டி ஓட்டுதவன அவன்."

"நான் என்ன சொன்னேன் அத்த? வக்கீலம்மா சொல்லுதாவ."

கருப்பசாமி என்னிடம் நேராகப் பேசவில்லை. சுவரிடம் பேசினார். "ஒரு வருசம் பொறுத்தாச்சு. இன்னும் ஒரு மாசத்துல என்ன கொறஞ்சு போவும்?"

ஒரு மாதத்தில் எல்லாம் போய்விடும் என்று சொன்னேன். இந்த வெள்ளிக்கிழமை நாம் வராவிட்டால் தடை போய்விடும், மனை போய்விடும் என்றேன். அது உண்மை. அவர்கள் கேட்டார்கள், ஆனால் அசையவில்லை. அப்போது மாமியார் என் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"பிள்ளைக்குக் காயுதே. நீங்களும் பிள்ளக்காரி. மனசத் தொட்டுச் சொல்லுங்க, இதே உங்க வீட்டுக் காரியமா இருந்தா ஆடியில செய்வீயளா?"

"செய்வேன்மா" என்றேன். "எங்க வீடுன்னாலும் செய்வேன்."

தயங்காமல் சொன்னேன். முத்துலட்சுமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் வாரேன்" என்றார். மாமியார் உள்ளே போய்விட்டார். கருப்பசாமி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எங்களுக்குக் காப்பி போட அந்த வீட்டில் யாரும் இல்லை.

நீங்கள் ஆவணி மாதப் பத்திர ஆபீசைத்தான் பார்த்திருப்பீர்கள். உள்ளே நிற்க இடம் இருக்காது, வெளியே கார்களும் வேன்களும் பழத்தட்டுகளும். ஆடி மாதத்து ஆபீசைப் பார்க்க வேண்டும். பெஞ்சுகள் காலி. மின்விசிறி யாருக்காகவோ சுற்றும். பத்திரம் எழுதுகிறவர்கள் வாசலில் உட்கார்ந்து கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த வெள்ளிக்கிழமை முத்துலட்சுமி தனியாகத்தான் பஸ்ஸில் வந்தார். பட்டுச்சேலை இல்லை, பூ இல்லை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற சேலையைக் கட்டியிருந்தார். நாங்கள் இருவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

அண்ணாச்சி வரவில்லை. எங்களுக்குக் குறித்த நேரம் கடந்தது. மதியம் கடந்தது. முத்துலட்சுமி எதுவும் சாப்பிடவில்லை, ஆடி வெள்ளி விரதம். பிற்பாடு அண்ணாச்சியின் மேனேஜர் மட்டும் பைக்கில் வந்தார். எங்களைப் பார்த்ததும் திகைத்து நின்று, ஓரமாகப் போய் ஃபோன் போட்டார். பிறகு ஒலிபெருக்கியைப் போட்டு எங்களிடம் நீட்டினார்.

"ஏம்மா" என்றது அண்ணாச்சியின் குரல். உண்மையாகவே பதறியிருந்தது. "ஆடியிலயா வந்து உக்காந்திருக்கிய? யாரும்மா உனக்கு இந்த யோசனையக் குடுத்தது? நான் சாமி கும்பிடுதவன், ஆடியில பத்திரத்துல கைநாட்டு வைக்க மாட்டேன். ஆவணியில பாத்துக்கிடலாம், போ."

முத்துலட்சுமி ஃபோனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இதத்தான வக்கீலம்மா நானும் சொன்னேன்?" என்றார்.

எனக்கு ஒன்று செய்யத் தோன்றியது. மேனேஜரிடம் சொன்னேன்: "சார் சொன்னத எனக்கு வாட்ஸப்ல ஒரு வரி அனுப்பிடுங்க அண்ணே. எங்க சீனியர் கேப்பாங்க." அவர் யோசிக்காமல் அனுப்பினார். "ஆடி என்பதால் எம்.டி. வரவில்லை. ஆவணியில் வைத்துக்கொள்ளலாம்." நல்ல மனிதர்.

அவர் கிளம்பிப் போனதும் வாசலில் இருந்த பத்திர எழுத்தர் ஒருவர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார். "அண்ணாச்சி ஆடியில கையெழுத்து வைக்க மாட்டாவளா?" என்றார், பக்கத்தில் இருந்தவரிடம். "இந்த நகர் போட்ட காட்டையே முந்தின ஆடிகள்ல எத்தன பத்திரமா வாங்குனாவ. வெதைக்க வழியில்லாம விக்க வந்தவன்ட்ட, ஆடியில எவன் வாங்குவான்னு சொல்லியே பாதி வெலைக்கு வாங்குனாவ." பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். முத்துலட்சுமி சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அடுத்த விசாரணையில் நான் அதிகம் பேசவில்லை. ஆடியில் வராததால் இவருடைய மனை ரத்தானது, ஆடி என்பதால் விற்றவரும் வரவில்லை என்று அவருடைய மேனேஜரே எழுத்தில் கொடுத்திருக்கிறார், இருவருக்கும் ஒரே அளவுகோல்தானே என்று மட்டும் கேட்டேன். மதுரை வக்கீல் வெகுநேரம் எதையோ தேடினார். ரத்து செல்லாது, பத்திரம் பதிந்து கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. சீனியர் எல்லோருக்கும் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார். ஆணையத்தில் ஆடியைச் சொல்லி ஜெயித்தவள் என்று மற்ற வக்கீல்களிடம் என்னைக் காட்டினார்.

இத்தோடு நிறுத்தினால் இது நல்ல கதை. பயிற்சி வகுப்பில் என்னை இந்த இடம்வரைதான் பேசச் சொன்னார்கள்.

அண்ணாச்சி மேல்முறையீடு போனார். அதற்கு ஒரு வருடத்துக்கு மேல். அந்த இடைவெளியில் கழுகுமலை ரோட்டில் கருப்பசாமியின் வண்டி கவிழ்ந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை, வலது கால் முறிந்தது. சரியான பிறகும் முன்போல நெடுந்தூரம் ஓட்ட முடியவில்லை. ரோடு போடுகிறவர்கள் குவித்துவிட்டுப் போன ஜல்லியில் ஏறித்தான் வண்டி சாய்ந்தது. அதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த வீட்டில் யாரும் ஜல்லியைப் பற்றிப் பேசவில்லை. ஆடி வெள்ளியைப் பற்றித்தான் பேசினார்கள். ஒவ்வொரு வேளைச் சோற்றோடும் பேசினார்கள் என்று முத்துலட்சுமி சொன்னார்.

மேல்முறையீடு தள்ளுபடியாகி, வேறு வழியில்லாமல் அண்ணாச்சி பத்திரத்துக்கு நாள் கொடுத்தபோது அது மார்கழியாக இருந்தது. ஃபோனில் சொல்லவே எனக்குத் தயக்கம். தை வரைக்கும் தள்ளிக் கேட்டுப் பார்க்கட்டுமா என்றேன்.

"எனக்கு இனி எல்லா மாசமும் ஒண்ணுதான் வக்கீலம்மா" என்றார் முத்துலட்சுமி.

தனியாக வந்தார், கையெழுத்துப் போட்டார், தனியாகப் போனார். மனை இப்போது அவர் பெயரில்தான் இருக்கிறது. எந்த வில்லங்கமும் இல்லை, நீங்கள் வேண்டுமானால் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். ஆனால் அங்கே வீடு இல்லை. அந்த மண்ணில் கால் வைக்க மாட்டேன் என்று மாமியார் சொல்லிவிட்டார். கருப்பசாமி வாயால் சொல்லவில்லை, கொத்தனாரைப் பார்க்கப் போகவும் இல்லை. அடிபம்பு போடவில்லை. வீட்டுக்காரம்மா இன்னும் குடத்தை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார். சீமைக்கருவேல் முளைத்துவிடக்கூடாது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் முத்துலட்சுமி மட்டும் அரிவாளோடு போய் வெட்டிவிட்டு வருகிறார்.

அண்ணாச்சி நன்றாக இருக்கிறார். இந்த வருடம் புறவழிச்சாலையில் பெரிய பலகை வைத்திருக்கிறார், நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆடிச் சலுகையாம். ஆடியில் பத்திரம் போட்டால் பதிவுச் செலவு இலவசமாம்.

அன்றைக்குப் பணத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்க வேண்டுமா? அந்தப் பணத்தில் வேறெங்காவது, கழுகுமலைப் பக்கமாவது, ஒரு சின்ன மனை கிடைத்து, ஆவணியில் பத்திரம் போட்டு, இந்நேரம் பம்பு போட்டிருப்பார்களா? அல்லது கையில் வந்த பணம் கையோடு போயிருக்குமா? இதைப் பல நாள் யோசித்துவிட்டேன். ஒரு நாள் ஒரு பதிலும் மறுநாள் வேறு பதிலும் வருகிறது. "வருவார்" என்று சொன்னது சட்டப்படி சரி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதைச் சொல்ல எனக்கு ஒரு செலவும் ஆகவில்லை என்பதிலும் இப்போது சந்தேகம் இல்லை.

உங்களிடமும் ஒரு நாள் திரையிலிருந்து யாராவது கேட்பார்கள், உங்கள் கட்சிக்காரர் வருவாரா என்று. வருவார் என்றே சொல்லுங்கள். வேறு பதில் சொன்னால் மனை போய்விடும். சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போகும்போது, பத்திரம் போடுவதோடு அவர்களுக்கு இது முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். அவர்கள் வீட்டில் யாராவது உங்களிடம், நீங்கள் என்றால் செய்வீர்களா என்று கேட்டால், உடனே பதில் சொல்லாதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் முத்துலட்சுமியைப் பார்த்தேன். மனைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். பையிலிருந்து அரிவாள் பிடி வெளியே தெரிந்தது. கையில் முள் கீறல்கள். என் மகளைத் தூக்கிக்கொண்டார்.

"தூத்துக்குடிக்குப் போறீங்களாமே வக்கீலம்மா. வீடு பாத்தாச்சா?"

"பாத்தாச்சுக்கா. சாவிகூட வாங்கியாச்சு. அவுங்க அங்கதான் லாட்ஜில தங்கி வேலைக்குப் போறாங்க."

"சாவி வாங்கியாச்சா? அப்ப எப்ப வீடு மாத்துதீங்க?"

எனக்கு வாயில் வந்துவிட்டது. "ஆவணி பொறந்ததும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. இடைசெவல் பஸ் வந்து திரும்பிக்கொண்டிருந்தது. மகளை என்னிடம் தந்துவிட்டு, அவளுடைய சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"ஆமா" என்றார். "சின்னப்பிள்ளைய வச்சிக்கிட்டு ஆடியில எப்படி மாத்துவீங்க."

குத்திக் காட்டுகிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.